நான்காவது அடுக்கு

பத்து வாரம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பிய காலையில், சோதனைக் கூடத்து மேசை மேல் ஒரு கேக் காத்திருந்தது. வெள்ளைக் கிரீமில் சிவப்பு எழுத்தில் 'வாங்க பெரியண்ணன்' என்று எழுதியிருந்தார்கள். இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் வழிந்து கிடந்தது. சுற்றிலும் பன்னிரண்டு பேர். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் அத்தனை கண்களும் முதலில் முகத்தைப் பார்த்தன, பிறகு வயிற்றுக்கு இறங்கின, பிறகு ஒன்றும் பார்க்காததுபோல மறுபடி முகத்துக்கே ஏறி வந்தன. ஆபரேஷனுக்கு முன் நூற்று நாற்பத்தாறு கிலோ. இப்போது நூற்றுப் பதினேழு. புதுச் சட்டை வாங்க மனசு வராமல் பழையதையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். தோள்பட்டைத் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் நின்றது.

வீடுகளுக்குப் போகிற மின்சார மீட்டர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்து அனுப்புகிற இடம் அது. நீளமான பெஞ்சில் பத்துப் பத்தாக மீட்டர்களை மாட்டி, மின்சாரம் விட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு பிசகுகிறது என்று படித்துச் சொல்வது அவன் வேலை. பதினொரு வருஷமாகச் சொல்லிவருகிறான். பெரியண்ணன் என்பது வயதால் வந்த பெயரல்ல, அவனுக்கு நாற்பத்து நான்குதான். பத்து வயது மூத்த மேலாளரும் அப்படித்தான் கூப்பிடுவார். உடம்பைப் பார்த்து யாரோ வைத்தது. அவனும் சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொண்டான்.

"ஒரு வாய் தானே. உங்களுக்காகத்தானே வாங்கினோம்" என்று தட்டை நீட்டினாள் கவுண்டரில் இருக்கும் ரேடியோ. எந்தச் செய்தியும் அவள் காதில் விழுந்த அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்க ஒலிபரப்பாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். 'வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன்' என்று மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு அவன் லீவில் போனபோது, அது என்ன ஆபரேஷன், இரைப்பையை எவ்வளவுக்குக் குறுக்கி எங்கே கொண்டுபோய்த் தைப்பார்கள் என்பதுவரை விளக்கியவள் அவள்தான்.

இனிப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை இவர்களிடம் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு முகமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக அவன் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லி இவர்கள் பார்த்ததில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கைதட்டினார்கள்.

கால் மணி நேரத்தில் கழிப்பறைக்குள் கதவைத் தாளிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கண்ணுக்கு முன்னால் சுவர் ஓடுகள் மிதந்தன. வெளியே அவர்கள் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு அவனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் வந்ததும் அதை ஆரம்பித்துவைப்பது இத்தனை காலமும் அவன் வேலையாக இருந்தது. இன்று அவனில்லாமலே நடந்துகொண்டிருந்தது.

*

ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கும் என்றார்கள், தலைமுடி கொட்டும் என்றார்கள், தோல் தொங்கும் என்றார்கள். பசி போய்விடும் என்று சொன்னபோது அவன் அதை ஒரு வரமாகத்தான் எடுத்துக்கொண்டான். போன பிறகுதான் தெரிந்தது. காலையில் கண் விழித்ததும் உடம்புக்குள் யாரோ எழுந்து நடமாடுவதுபோல ஒரு சத்தம் இருக்குமே, அது இல்லை. பதினொரு மணிக்கு ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை வந்து தோளைத் தட்டுகிற ஆளையும் காணோம். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருதரம் போனில் அலாரம் வைத்திருந்தான். அது கூப்பிட்டால் நாலு சின்னக் கரண்டிக் கூழ். வயிறு கேட்காது, போன்தான் கேட்கும். தெருவில் எங்கோ வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தால் நின்றுவிடுவான். முன்பெல்லாம் அந்த வாசனை அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இப்போது அது பாட்டுக்கு, அவனைத் தெரியாத மாதிரி தாண்டிப் போனது. ஒரு பொருளின் மேல் ஆசை இல்லாமல் போவது நிம்மதி என்று நினைத்திருந்தான். ஆசையின் மேலேயே ஆசை வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அவன் ஏங்கியது சாப்பாட்டு மேசைக்காகவும்தான். மதியம் பன்னிரண்டரைக்கு ஸ்டோர் ரூமை ஒட்டிய அறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு எல்லோரும் உட்காருவார்கள். நடுவில் அவன். "பெரியண்ணனுக்குத் தள்ளு" என்பது அங்கே ஒரு மந்திரம். பிள்ளை தொடாத முட்டை, உப்புத் தூக்கலான காய், மாமியார் கோபத்தோடு கட்டிக்கொடுத்த ரொட்டி எல்லாம் மேசையைச் சுற்றி வந்து கடைசியில் அவன் முன்னால் நிற்கும். ஒன்றையும் அவன் திருப்பியனுப்பியதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பான்: "உங்க வீட்டம்மாவுக்கு உங்க மேல இன்னைக்கு ஏதோ மனத்தாங்கல், உப்புல தெரியுது." அவர்கள் வீட்டுச் சண்டை சமாதானம் அத்தனையும் அவன் நாக்குக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, ஒரு சின்னக் கிண்ணம் வரும்.

அது முத்திரையிடமிருந்து. அவன் படித்துச் சொல்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு, தேறிய மீட்டரின் மூடியில் கம்பியைக் கோத்து, ஈய வில்லையைப் பிளையரால் அழுத்தி முத்திரை வைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள் என்பதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பதைத் தொட்டிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, படுக்கையோடு கிடக்கிற அப்பாவுக்கு அவள்தான் எல்லாம். ரெண்டு பேர் இருக்கிற வீட்டிலிருந்து நாலடுக்கு டிபன் கேரியர் கொண்டுவருவாள். மூன்று அடுக்கு அவளுக்கு. நாலாவதைத் திறந்து, அவனைப் பார்க்காமல், அவன் பக்கம் நகர்த்திவைத்து, "கொஞ்சம் மீந்துடுச்சு" என்பாள்.

முதல் தடவை சொன்னது பதினொரு வருஷத்துக்கு முன்பு. அதற்குப் பிறகு தினமும் அதேதான் சொன்னாள். காலை ஆறு மணிக்குச் சமைத்து ஏழரைக்கு பஸ் ஏறுகிறவளுக்கு எப்போது மீந்தது என்று அவன் கேட்டதில்லை. கிண்ணத்தை ஒருபோதும் அவசரமாகச் சாப்பிட்டதும் இல்லை. மற்றதற்கெல்லாம் வாய் நிறையப் பேசுகிறவன் அதற்கு மட்டும் ஒரு பேச்சும் சொன்னதில்லை. கழுவித் துடைத்து அவள் பையருகே வைப்பான். கூடத்தில் அவனைப் பெரியண்ணன் என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள். சார் என்றும் சொல்லமாட்டாள், பெயரும் சொல்லமாட்டாள். "இங்க பாருங்க" என்பதோடு சரி.

திரும்பிய முதல் நாள் மதியம், தன் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து நாலு கரண்டிப் பருப்புக் கூழை வைத்துக்கொண்டு அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். ஒரு நிமிஷம் எல்லோர் கையும் அப்படியே நின்றது. சாப்பிடலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் தன் டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். முத்திரை தன் கேரியரைத் திறந்தாள். மூன்று அடுக்குதான் இருந்தது. கைப்பிடிக் கம்பி நாலுக்கு அளவானது. மேலே ஓரடுக்கு உயரத்துக்கு வெறும் இடம் தெரிந்தது. அவள் குனிந்து சாப்பிட்டு எழுந்து போனாள்.

நியாயம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சாப்பிடாதவனுக்கு எதற்குக் கிண்ணம். ஆனால் அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு போனான்.

*

மெலிந்த உடம்புக்கு ஆளாளுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். ரேடியோ அவன் சாப்பிடுவதை நோட்டில் குறித்துக்கொண்டாள், தன் குண்டான தங்கைக்கு அனுப்ப. அக்காவுக்கோ ஒரே யோசனை. அவன் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தான். முன்பு வந்த சம்பந்தங்களெல்லாம் போட்டோவோடு நின்றுபோனவை. "இன்னும் ஒரு இருபது குறையட்டும், அப்புறம் ஒரு நல்ல போட்டோ எடுத்துடலாம். இப்பவே எடுத்தா பாதிக்கிணறு தாண்டின மாதிரி இருக்கும்" என்றாள். அவன் தலையாட்டினான்.

மேலாளர் ஒரு நாள் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை விஷயம் என்று நினைத்துக்கொண்டுதான் போனான். அவரும் கனத்த சரீரம், எப்போதும் கோட்டுப் பொத்தானைப் போட்டே வைத்திருப்பார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார்.

"மூணு நாள் வலிக்கும் சார். அப்புறம் வேற மாதிரி இருக்கும்."

"வேற மாதிரின்னா?"

"வீட்டுல யாரோ ஊருக்குப் போயிட்ட மாதிரி" என்றான். மேலாளர் கோட்டுப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சரி போங்க என்றார். அதற்குப் பிறகு நடைபாதையில் எதிர்ப்படும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, ஏதோ கேட்க வந்து, கேட்காமல் போவார்.

ஸ்டோர்காரர் விவகாரம்தான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. மீட்டர் பெட்டிகளை எடைபோட ஸ்டோரில் ஒரு தரைத் தராசு உண்டு. வருஷாவருஷம் சரக்குக் கணக்கெடுக்கிற நாளில், கடைசிப் பெட்டிக்குப் பிறகு, பெரியண்ணனை அதில் ஏற்றுவார்கள். எத்தனை பெட்டிக்குச் சமம் என்று ஸ்டோர்காரர் உரக்க அறிவிப்பார். அவன் இரண்டு கையையும் விரித்துச் சுற்றிக்காட்டி, "இதுக்கும் ஒரு முத்திரை வைங்கப்பா" என்பான். கூடமே அதிரும். சிரிப்போடு சிரிப்பாக அவன் கண்ணோரம் ஒருதரம் முத்திரையிடம் போய்வரும். அவள் மட்டும் எப்போதும் பிளையரைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த முறை ஸ்டோர்காரர் கணக்கெடுப்புவரை காத்திருக்கவில்லை. அவன் வந்து மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிகிற நேரத்தில், தராசை உருட்டிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார், கட்டம் போட்டு, தேதி போட்டு. "வாரா வாரம் ஏறணும் பெரியண்ணே. எவ்வளவு இறங்குதுன்னு எழுதிட்டே வருவோம். நூறுக்குக் கீழ வந்தா பேரை மாத்திடலாம்."

எல்லோரும் வந்து நின்றார்கள். நல்ல மனசோடுதான் நின்றார்கள், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. அவன் செருப்பைக் கழற்றினான். ஒரு காலைத் தூக்கித் தராசின் மேல் வைத்தான். இரும்பு சில்லென்றிருந்தது. அதற்கு மேல் மற்றக் கால் வரவில்லை.

"வேணாம்" என்றான்.

"என்னது?"

"ஏறல. இனிமே ஏத்தாதீங்க."

யாரோ சிரித்து, அது தமாஷ் இல்லை என்று தெரிந்து பாதியில் நிறுத்தினார்கள். ஸ்டோர்காரர் முகம் சுண்டிப்போனது. அட்டையைக் கிழித்து மடித்துக்கொண்டே, "உடம்புல இருந்த கொழுப்பெல்லாம் இறங்கி வாய்க்கு ஏறிடுச்சு" என்றார். அதற்கு ஒரு பதில், நல்ல பதிலாகவே, அவன் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், பழையபடி ஆகியிருக்கும். அவன் சொல்லவில்லை. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். ஒவ்வொருவராகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசியாகப் போன ரேடியோ வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவனிடம் ஒன்று சொன்னாள்.

"கேட்டுக்கோங்க, நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க லீவு போட்டப்ப அந்த முத்திரையம்மாவுக்கு மட்டும் தெரியாது. நாலு நாள் கிண்ணத்தை உங்க நாற்காலி முன்னாடி வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அஞ்சாம் நாள்தான் நான் போய், இந்த மாதிரி ஆபரேஷன், இனிமே அவர் சாப்பிட மாட்டார்னு சொன்னேன். கிண்ணத்தை மூடிட்டாங்க."

ரேடியோ ஒலிபரப்பாமல் கிட்டத்தட்ட மூன்று மாதம் வைத்திருந்த ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

*

முத்திரை இன்னும் பெஞ்சருகே இருந்தாள். அன்றைய கடைசி வரிசையில் நாலு மீட்டர் பாக்கி. கம்பியைக் கோத்து, வில்லையை நுழைத்து, அழுத்தினாள். டக். அவன் எதிரே போய் நின்றான். டாக்டர் கேட்டபோது முழங்கால், சர்க்கரை, படுத்தால் மூச்சுத் திணறல் என்று காரணம் அடுக்கியிருந்தான். எல்லாம் உண்மை. அவற்றுக்கு அடியில் ஒன்று இருந்தது, அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? ஒரு மழைநாளில் கேட்டுக்கு வெளியே அவள் குடையை விரித்து, அவன் பக்கம் சாய்த்து, அவன் அதற்குள் அடங்கமாட்டான் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோய், மடக்கிக்கொண்டு இருவரும் நனைந்து நின்றது. கொஞ்சம் குறைந்துவிட்டால் கேட்டுவிடலாம் என்று அன்று நினைத்தான். குறைவதற்காக அவன் அறுத்துக்கொண்டது அவர்களுக்கு நடுவில் இருந்த ஒரே வழியை என்பது அப்போது புத்தியில் படவில்லை.

"நல்லா சொன்னீங்க" என்றாள் அவள், மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

"எதை?"

"ஏறமாட்டேன்னு. முதல் வருஷமே சொல்லியிருக்கணும்."

டக். இரண்டாவது.

அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தான். அதற்கு மேல் குடிக்க முடியாது. "நாலாவது அடுக்கை ஏன் கொண்டு வர்றதில்ல?" என்றான்.

"நீங்கதான் சாப்பிட மாட்டீங்களே."

"சாப்பிட முடியாது. வேணாம்னு நான் எப்ப சொன்னேன்?"

அவள் கை நின்றது. பிளையர் வாய் திறந்தபடி இருந்தது.

"நீங்க சொல்லவே இல்லையே" என்றாள். "எதையும். நாலு நாள் நான்பாட்டுக்கு… அப்பாவுக்குப் பேச்சு நின்னுடும்னு கூட டாக்டர் எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டார்."

"பயமா இருந்துச்சு. ஆபரேஷன் மேசையிலயே ஏதாவது ஆயிடுமோன்னு. அதான் சொல்லல."

"பயமா இருந்தாத்தான் சொல்லணும்."

அவள் குரல் உயரவில்லை. மூன்றாவது முத்திரையை வைத்தாள், நாலாவதை வைத்தாள். வில்லை ஒன்று கோணலாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வைத்த ஒன்று கோணி அவன் பார்த்ததில்லை. அதை வெட்டியெடுத்து மறுபடி கோத்தாள். "எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியாதுங்க" என்றாள், கம்பியிடம் சொல்வதுபோல. "யாருக்கும் எதையும் பேசிக் காட்டத் தெரியாது. காலையில எந்திரிச்சா கை தானா நாலு அடுக்குக்கு அளக்குது. அப்புறம் திருப்பிக் கொட்டுறேன்."

பேச்சுக்காரன் என்று பெயரெடுத்தவன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் பழக்கதோஷத்தில் அவன் ஆட்டோ நிற்கிற இடது பக்கம் திரும்பினான். அவள் வலது பக்கம். அவளுடைய பஸ் நிறுத்தம் முக்கால் கிலோமீட்டர், மேம்பாலத்தைத் தாண்டி. நாலு எட்டு வைத்தவன் நின்றான், திரும்பினான், வேகமாக நடந்து அவளோடு சேர்ந்துகொண்டான். அவள் நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள். பிறகு அவன் மூச்சு வாங்கவில்லை என்று கண்டு பழையபடி நடந்தாள்.

பஞ்சர் கடை, கண்ணாடிக் கடை, பூட்டிய ஒரு பள்ளிக்கூடம், மேம்பாலத்துக்கு அடியில் துணி தேய்க்கிறவரின் வண்டி. அவள் தினமும் பார்க்கிற தெரு. அவன் ஒருநாளும் இதில் நடந்ததில்லை. துணி தேய்க்கிறவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் நடக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுக்கிறாள் என்பது அவனுக்கு இன்றுதான் தெரிந்தது. உற்றுக் கேட்டான். ஏதோ மெட்டு, வார்த்தை இல்லை. தான் முணுமுணுப்பது அவளுக்கே தெரியாது என்று பட்டது. கேட்டால் நின்றுவிடும் என்று கேட்காமல் வந்தான். அவனுக்கு என்னென்ன தெரியாமல் பதினொரு வருஷம் போயிருக்கிறது என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கார அம்மா ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாள், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றாள். அவன் போன் சட்டைப் பையில் அலறியது, நாலு கரண்டிக்கு. எடுத்து அணைத்துவிட்டு, பையிலிருந்த டப்பாவைத் திறந்து, நின்றபடியே சாப்பிட்டான். ஒவ்வொரு கரண்டியையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் கண்ணைப் பார்க்காமல், கையை மட்டும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அளவு தெரிஞ்சுக்கணும்ல" என்றாள்.

பஸ் வந்தது. பாதிக்கு மேல் காலி. நடத்துநர் படியில் நின்று அவளைப் பார்த்தார், தினமும் ஏறுகிறவள். அவள் அசையவில்லை. "கூட்டமா இருக்கு" என்றாள். நடத்துநர் திரும்பித் தன் பஸ்ஸுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு விசிலடித்தார்.

இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு நிமிஷம் கழித்து அடுத்தது வந்தது. வேகம் குறைத்து, நிற்பதா போவதா என்று தயங்கி, அவர்களை ஒட்டி மெல்ல உருண்டது. ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுந்து நகர்ந்தது. காலியாக ஒரு இருக்கை, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் ஒன்று. கடைசி ஜன்னலில் யார் மடியிலோ இருந்த ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, பஸ் திரும்பும்வரை இருவரையும் பார்த்துக்கொண்டே போனது.